பாதரசம் சொன்ன தீர்ப்பு

சுப்பிரமணியன் சந்திரசேகர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது விண்மீன்களும் கருந்துளைகளும்தான். எரிபொருள் தீர்ந்துபோன ஒரு விண்மீன் வெண்குறுமீனாக அடங்கி நிற்க வேண்டுமானால், அதன் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவருடைய கணக்கு. சந்திரசேகர் வரம்பு என்று உலகம் அதை அழைக்கிறது. 1983-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததையும் நம் மாணவர்கள் அறிவார்கள்.

அவர் வாழ்வின் நடுப்பகுதி அந்த அளவுக்கு அறியப்படவில்லை. 1952 முதல் 1961 வரை அவருடைய சிந்தனையின் பெரும்பகுதியை ஆட்கொண்டிருந்த கேள்வி மிக எளியது. ஒரு தட்டில் அசையாமல் கிடக்கும் நீரோ பாதரசமோ எந்தக் கணத்தில் அசையத் தொடங்கும்? கனமான பாய்மம் மேலேயும் இலேசான பாய்மம் கீழேயும் இருந்தால் அவற்றின் எல்லைக்கோடு எப்படிக் குலையும்? இந்தப் பத்தாண்டுகளில்தான், அவருடைய கணக்குகள் சில ஆண்டுகளுக்குள்ளாகவே, அவர் பணியாற்றிய பல்கலைக்கழகத்திலேயே சோதனைக்கு உள்ளாயின. இளமையில் அவருக்கு மறுக்கப்பட்ட நீதி அது. அந்தக் கதை இன்றைக்கும், குறிப்பாக நம் ஊர்களுக்கும், தேவைப்படுவதாக எனக்குத் தோன்றுகிறது.

சந்திரசேகர் 1910 அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். தந்தை சி. சுப்பிரமணிய ஐயர் அரசின் தணிக்கை, கணக்குத் துறையில் உயர் அலுவலர். பணியின் பொருட்டு அப்போது லாகூரில் இருந்தார். தாய் சீதாலட்சுமி, இப்சனின் புகழ்பெற்ற நாடகமான பொம்மை வீட்டைத் தமிழில் பெயர்த்த படிப்பாளி. பத்துப் பிள்ளைகளில் மூத்த மகன் சந்திரசேகர். தந்தையின் தம்பிதான் சர் சி. வி. இராமன்.

குடும்பம் 1918-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே கல்வி. பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி. 1925 முதல் மாநிலக் கல்லூரி. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலர் சாமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து அக்கல்லூரியில் உரையாற்றினார். குவாண்டம் இயற்பியலின் புதிய போக்கை அவரிடமிருந்து அறிந்துகொண்ட சந்திரசேகர், மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் தம் முதல் முக்கியக் கட்டுரையை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

1930 ஜூலை இறுதியில், அரசு உதவித்தொகையுடன் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்வதற்காகப் பம்பாயில் கப்பலேறினார். அந்தக் கடற்பயணத்தில்தான் அவர் அந்தக் கணக்கைப் போட்டார். வெண்குறுமீனின் உள்ளே எலக்ட்ரான்கள் நெருக்கப்படும்போது அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும். ஆகவே, அங்கே சார்பியல் கொள்கையையும் சேர்த்தாக வேண்டும். சேர்த்தபோது, ஒரு குறிப்பிட்ட நிறைக்கு மேல் அந்த விண்மீனைத் தாங்கிப் பிடிக்க எந்த அழுத்தமும் போதாது என்ற முடிவு வந்தது. பத்தொன்பது வயது இளைஞரின் முடிவு.

அவர் வெளிநாட்டில் இருந்தபோதே, 1931-இல், தாய் காலமானார். மகன் அயல்நாடு செல்ல வேண்டும் என்று ஊக்கம் கொடுத்தவர் அவர். அந்தத் துயரத்தோடும் தனிமையோடும் ஆய்வைத் தொடர்ந்த சந்திரசேகர் 1933-இல் முனைவர் பட்டம் பெற்றார். டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் அதே ஆண்டில் கிடைத்தது.

1935 ஜனவரி 11-ஆம் நாள், லண்டன் ராயல் வானியல் கழகத்தின் கூட்டத்தில் தம் முடிவை விரிவாக முன்வைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அந்தக் காலத்தின் தலைசிறந்த வானியற்பியலர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கைக்கு ஆதாரம் தேடி 1919-இல் சூரிய கிரகணத்தைப் படம்பிடித்தவர். அவர், இளைஞரின் கணக்கைத் தாங்கி நிற்கும் அடிப்படையே தவறு என்றார். ஒரு விண்மீன் அவ்வளவு அபத்தமாக நடந்துகொள்ளாதபடி தடுக்க இயற்கையில் ஏதேனும் ஒரு விதி இருக்கும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். அவை சிரித்தது. நீல்ஸ் போர், பௌலி போன்ற இயற்பியலர்கள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கமே நின்றார்கள். ஆனால், எடிங்டனை எதிர்த்துப் பொதுவெளியில் பேச அவர்கள் முன்வரவில்லை.

இந்த இடத்தில், அந்தச் சர்ச்சையின் தன்மையைச் சற்றே கவனிக்க வேண்டும். ஒரு விண்மீனை யாரும் ஆய்வகத்துக்குக் கொண்டுவர முடியாது. 1935-இல் இருந்த தொலைநோக்கிகளாலும் அந்த வழக்கைத் தீர்த்துவைக்க முடியவில்லை. ஒரு பக்கம் கணக்கு; இன்னொரு பக்கம் செல்வாக்கு. சோதனை என்ற மூன்றாவது சாட்சி இல்லாதபோது செல்வாக்குதான் வெல்லும். வாழ்நாள் முழுவதும் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த நிலை எனக்குப் பழக்கமானது. எங்கள் துறையில் ஒரு கொள்கை தவறென்று நிறுவப்படுவதற்குள் அதைச் சொன்னவர் பணி ஓய்வு பெற்றுவிடுவார். சில வேளைகளில் மறைந்தும்விடுவார். சோதனை செய்து பார்க்கும் வழக்கம் பொருளியலுக்குள் வந்தது பிற்காலத்தில்தான். அதற்குரிய நோபல் அங்கீகாரம் 2002-இலும் 2019-இலும்தான் கிடைத்தது.

சந்திரசேகர் கசப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. தம் கணக்கை 1939-இல் ஒரு நூலாக எழுதி முடித்தார். அந்தத் துறையை அத்துடன் விட்டுவிட்டு வேறு துறைக்கு நகர்ந்தார். எடிங்டனுடன் தனிப்பட்ட நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவரை உயர்வாகவே மதிப்பிட்டார்.

இதற்கிடையே 1936-இல், மாநிலக் கல்லூரியில் தமக்கு ஓராண்டு இளையவராக இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். 1937 தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியேற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தை அவர் கடைசிவரை விட்டு நீங்கவில்லை. 1944-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

அவருடைய வேலைமுறை தனித்தன்மை வாய்ந்தது. ஒரு துறையை எடுத்துக்கொள்வார். சில ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார். கட்டுரைகளை வரிசையாக வெளியிடுவார். இறுதியில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு பெருநூலாக்குவார். பிறகு அடுத்த துறைக்குச் சென்றுவிடுவார். விண்மீன் கட்டமைப்பு, விண்மீன் இயக்கம், கதிர்வீச்சுப் பரவல் என்று மூன்று நூல்கள் 1950-க்குள் முடிந்திருந்தன. நான்காவதாக அவர் எடுத்துக்கொண்டதுதான் பாய்மங்களின் நிலைப்புத்தன்மை.

அந்தத் துறை என்ன என்பதை நம் ஊர்க் கடையிலிருந்தே விளக்கலாம். நன்னாரி சர்பத்தைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதன்மேல் தண்ணீரை மெதுவாக ஊற்றினால், கரண்டியால் கலக்கும் வரை சர்பத் அடியிலேயே தங்கி நிற்கும். கனமானது கீழே, இலேசானது மேலே, அமைதி. வரிசையை மாற்றித் தண்ணீரின்மேல் சர்பத்தை ஊற்றினால், அது நூல் நூலாக, விரல் விரலாகக் கீழே இறங்கும். இடையிடையே தண்ணீர் மேலே ஏறும். கரண்டியே வேண்டாம், பாய்மம் தானே கலந்துகொள்ளும்.

எல்லைக்கோடு அணுவளவும் பிசகாமல் சமதளமாக இருக்குமானால், கனமானது மேலே இருந்தாலும் அது அப்படியே நிற்க வேண்டும் என்பது கணக்கு. கூர்முனையில் நிறுத்திவைத்த பென்சிலைப்போல. ஆனால், ஒரு சிறு நெளிவு போதும். நெளிவின் பள்ளத்தில் கனமான பாய்மம் இன்னும் இறங்கும். மேட்டில் இலேசானது இன்னும் ஏறும். நெளிவு வட்டிக்கு வட்டி போடுவதுபோல் பெருகும். இதை முதலில் கணக்காக எழுதியவர் ரேலி பிரபு, ஆண்டு 1883. ஜி. ஐ. டெய்லர் 1950-இல் இதை விரிவாக்கினார். இலேசான பாய்மம் கனமான பாய்மத்தைத் தள்ளி முடுக்கினாலும் இதே குலைவு நேரும் என்பது அவர் காட்டியது. ரேலி – டெய்லர் நிலைப்பின்மை என்று இது பெயர்பெற்றது.

அதே ஆண்டில் லூயிஸ் என்பவர் டெய்லரின் கணக்கை ஆய்வகத்தில் சோதித்தார். ஒரு நீர்மப் படலத்தை மேலிருந்து அழுத்தக் காற்றால், ஈர்ப்பு முடுக்கத்தைப்போல் பல மடங்கு முடுக்கத்துடன் கீழ்நோக்கித் தள்ளி, அதன் பரப்பை அதிவேகப் படமெடுப்பால் பதிவு செய்தார். தொடக்கத்தில் நெளிவு கணக்கில் சொன்னபடியே பெருகியது. அது ஓரளவு வளர்ந்த பிறகு, காற்று உருண்டை முனையுள்ள தூண்களாக நீர்மத்துக்குள் சீரான வேகத்தில் புகுந்தது. கணக்கு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை ஆய்வகமே சொல்லிவிட்டது.

ரேலியின் கணக்கில் ஒரு குறை இருந்தது. பாகுத்தன்மை இல்லாத பாய்மத்தை வைத்துப் பார்த்தால், நெளிவு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு வேகமாக வளரும். அதற்கு எல்லையே இல்லை. இயற்கையில் அப்படி நடப்பதில்லை. 1955-இல் சந்திரசேகர், பாகுத்தன்மை உள்ள பாய்மங்களுக்கு இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். மிகக் குறுகிய நெளிவுகளைப் பாகுத்தன்மை அடக்கிவிடும். மிக நீண்டவை மெதுவாகவே வளரும். இடையில் ஒரு குறிப்பிட்ட அலைநீளம் மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு வளரும் என்பதைக் கணக்கிட்டார். சர்பத் இறங்கும்போது விரல்கள் ஓரளவு சீரான இடைவெளியில் தோன்றுவதற்குப் பின்னால் இந்த வகைத் தேர்வு இருக்கிறது.

பரப்பு இழுவிசையும் இதுபோலத் தடுப்பணை போடும். கண்ணாடிக் குவளையின் வாயில் வலைத்துணியைக் கட்டி, நீரை நிரப்பி, அட்டையால் மூடிக் கவிழ்த்து, அட்டையை நேராக எடுத்துவிட்டால் நீர் கொட்டுவதில்லை. காற்றழுத்தம் தாங்குகிறது என்று பள்ளியில் சொல்லித் தருவோம். அது பாதி உண்மை. காற்றழுத்தம் பத்து மீட்டர் உயர நீரைத் தாங்க வல்லது; வலை இல்லாவிட்டாலும் அதே அழுத்தம்தான் இருக்கிறது. பிறகு ஏன் நீர் கொட்டுகிறது? நீர் – காற்று எல்லையில் ஏறத்தாழ 1.7 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட நெளிவுகள் வளர்கின்றன. அதற்குக் குறைந்தவற்றைப் பரப்பு இழுவிசை சமன்செய்துவிடுகிறது. வலைக்கண் சிறியதாக இருப்பதால் வளரக்கூடிய நெளிவுக்கு அங்கே இடமில்லை. அவ்வளவுதான்.

சந்திரசேகரின் அக்கறை சர்பத்தோடு நிற்கவில்லை. அடியில் சூடேற்றப்படும் பாய்மமும் இதே சிக்கலின் உறவுதான். சூடான அடிப்பகுதி இலேசாகிறது. குளிர்ந்த மேற்பகுதி கனமாக இருக்கிறது. சூட்டின் வேறுபாடு ஓர் அளவைத் தாண்டினால்தான் வெப்பச்சலனம் தொடங்கும். இதை 1900-இல் பெனார்டு சோதனையில் கண்டார். 1916-இல் ரேலி கணக்கிட்டார். விண்மீன்களோ சுழல்கின்றன, அவற்றில் காந்தப்புலமும் உண்டு. சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்தால் அந்த அளவு எப்படி மாறும் என்பதே சந்திரசேகரின் கேள்வி. சூரியப் புள்ளிகள் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து கறுத்துத் தெரிவதற்கு, அங்கே உள்ள வலிய காந்தப்புலம் வெப்பச்சலனத்தை ஒடுக்குவதே காரணம் என்ற கருத்து அப்போது பேசப்பட்டுவந்தது.

1952-இலும் 1953-இலும் அவர் விடைகளை வெளியிட்டார். காந்தப்புலம், மின்சாரத்தைக் கடத்தும் பாய்மத்தின் அசைவை ஒடுக்கும். எவ்வளவு ஒடுக்கும் என்பதற்கு எண்ணும் உண்டு. சுழற்சியும் ஒடுக்கும். ஆனால், சுழலும் பாதரசத்தில் ஒரு வியப்பு நேரும். அங்கே பாய்மம் நிலையான ஓட்டமாக நகரத் தொடங்காது. ஊஞ்சலைப்போல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும். நீரில் இது நேராது. பாதரசம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்துவதால் அதில் நேரும்.

இந்த எண்கள் எளிதில் வந்தவை அல்ல. கணினி பரவலாகாத காலம். 1948 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் அவருக்குக் கணக்கீட்டு உதவியாளராக இருந்த டோனா எல்பர்ட் என்ற பெண்மணி, மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கணக்கிட்டார். சில கட்டுரைகளில் அவர் இணை ஆசிரியர். அவருடைய பங்களிப்பை நினைவுகூர்ந்து, சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்து செயல்படும் ஒரு வரம்பெல்லைக்கு 2022-இல் ஆய்வாளர்கள் எல்பர்ட் என்று பெயர் சூட்டினர்.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் வானிலையியல் துறையில் டேவ் ஃபுல்ட்ஸ் என்பவர் ஒரு பாய்ம ஆய்வகம் நடத்திவந்தார். சமையலறையில் பாத்திரம் கழுவும் அலுமினியத் தட்டில் நீரை ஊற்றி, விளிம்பைச் சூடேற்றி, தட்டைச் சுழற்றிப் பூமியின் வளிமண்டல ஓட்டங்களை அதில் வரவழைத்துக் காட்டியவர் அவர். வானிலையியலில் தட்டுச் சோதனைகள் என்றே அவை பெயர்பெற்றன. விண்மீனைத் தட்டுக்குள் கொண்டுவர முடியாது. விண்மீனில் நிகழும் ஒரு நிகழ்வின் விதியைக் கொண்டுவரலாம். சந்திரசேகரின் கணக்குக்கு ஏற்ற இடம் அதுவே.

ஃபுல்ட்ஸ், நாககாவா, ஃப்ரென்சன் ஆகிய மூவரும் சுழலும் கலத்தில் பாதரசத்தை ஊற்றி அடியில் சூடேற்றினர். பாதரசம் ஒளி புகாதது. உள்ளே நடப்பதைக் கண்ணால் காண முடியாது. ஆகவே, வெப்பநிலையைத் தொடர்ந்து பதிவுசெய்தனர். வெப்பநிலைக் கோடு அலையலையாக ஏறி இறங்கியது. கணக்கு முன்னதாகச் சொன்ன ஊசலாட்டம் அதுவே. 1954-இல் அந்த முடிவு வெளியாயிற்று. 1955-இல் விரிவான கட்டுரை ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது.

இங்கே வரலாறு ஒரு சிறு விளையாட்டு விளையாடியது. ஆடி ஆடிப் பெருகும் இத்தகைய குலைவுக்கு மிகைநிலைப்பு என்ற பொருளில் பெயரிட்டவர் வேறு யாருமல்லர், எடிங்டன்தான். விண்மீன்களின் துடிப்பை ஆராய்ந்தபோது அவர் அமைத்த சொல் அது. ஆகவே, சந்திரசேகரின் முன்கணிப்பை மெய்ப்பித்த அந்த 1954 கட்டுரையின் தலைப்பிலேயே எடிங்டனின் பெயர் இடம்பெற்றது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் செல்வாக்கால் தீர்க்கப்பட்ட வழக்குக்கு இது மேல்முறையீடு அல்ல, பொருளே வேறு. ஆனாலும், கணக்கைச் சோதிக்க ஒரு தட்டு இருந்தால் எவருடைய பெயரும் எவருடைய பெயரையும் நசுக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டிற்று. இருவர் பெயரும் ஒரே தாளில் அமைதியாக உட்கார்ந்தன.

நாககாவா அத்துடன் நிற்கவில்லை. காந்தப்புலத்தில் வைத்த பாதரசத்தை ஆராய்ந்து, வெப்பச்சலனம் எவ்வளவு ஒடுக்கப்படுகிறது என்பதை 1955-இல் அறிவித்தார். பின்னர், பயன்பாட்டிலிருந்து நீங்கிய சைக்ளோட்ரானின் பெருங்காந்தம் ஒன்று இந்த ஆய்வுகளுக்கென மாற்றியமைக்கப்பட்டது. சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்தால், புலத்தின் வலிமை ஓர் அளவைக் கடக்கும்போது பாய்மத்தில் தோன்றும் கண்ணறைகளின் அகலம் படிப்படியாக மாறாமல் திடீரெனத் தாவும் என்று சந்திரசேகர் கணித்திருந்தார். அந்தத் தாவலும் ஆய்வகத்தில் தென்பட்டது.

1961-இல் இவையெல்லாம் ஒரு நூலாயின. அறுநூற்றைம்பது பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலில், கணக்குகளை அடுத்துச் சோதனை முடிவுகளும் இடம்பெற்றன. தம் வளைகோட்டின்மீதே பிறருடைய சோதனைப் புள்ளிகளைப் பதித்துக் காட்டினார். ஒரு கோட்பாட்டாளர் தம் நூலில் ஆய்வகத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியது சாதாரணமல்ல. நூலின் பத்தாவது அதிகாரம் ரேலி – டெய்லர் நிலைப்பின்மை பற்றியது. பாகுத்தன்மை, பரப்பு இழுவிசை, சுழற்சி, காந்தப்புலம் என ஒவ்வொன்றும் அந்தக் குலைவை எப்படித் தணிக்கும் என்று முறையாக விளக்குவது.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நூல் பயன்பாட்டில் இருக்கிறது. 1054-இல் வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவில் காணப்படும் விரல் போன்ற இழைகள் இதே நிலைப்பின்மையின் அடையாளங்கள். அணுக்கரு இணைவு ஆய்வில், மிகச் சிறிய எரிபொருள் உருண்டையை லேசர் ஒளியால் அழுத்தும்போது அதன் ஓடு சீராகச் சுருங்காமல் குலைவதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவின் தேசிய ஆய்வகம் ஒன்று, உருண்டைக்குள் செலுத்திய லேசர் ஆற்றலைவிட மிகுந்த ஆற்றலை 2022 டிசம்பரில் பெற்றது. அதற்கு முன் பல ஆண்டுகள் போராடித் தணிக்க வேண்டியிருந்த எதிரிகளில் இந்த நெளிவும் ஒன்று.

சந்திரசேகர், தம் வழக்கப்படி, 1961-க்குப் பிறகு அந்தத் துறையையும் விட்டு நகர்ந்தார். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் ஆய்விதழின் ஆசிரியராக இருந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் இதழை உலகின் முதன்மையான இதழாக்கினார். 1968-இல் இந்திய அரசு பத்ம விபூஷண் வழங்கியது. 1983-இல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய நூல் வந்தது. அதே ஆண்டில் நோபல் பரிசும் வந்தது. கப்பலில் போட்ட கணக்குக்கு அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. நியூட்டனின் பிரின்சிபியாவைப் பொது வாசகர்களுக்காக விளக்கும் நூலை 1995-இல் வெளியிட்டார். அந்த ஆண்டே ஆகஸ்ட் 21-ஆம் நாள் சிகாகோவில் காலமானார். 1999-இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ் கதிர் வானாய்வகம் சந்திரா என்ற அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இந்த வாழ்க்கையை இன்று ஏன் நினைவுகூர வேண்டும்? அடர்த்தி வேறுபட்ட இரண்டு பாய்மங்கள் தம் வேறுபாட்டைத் தாமே வெளிப்படுத்திவிடும். அடுக்கு தெரியும், விரல்கள் தெரியும். அடர்த்தி ஏறக்குறைய ஒன்றாக இருந்து, ஒன்றில் ஒன்று முழுமையாகக் கரையும் நீர்மங்கள் எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. எத்தனாலும் மெத்தனாலும் அத்தகையவை. இரண்டும் நிறமற்றவை, இரண்டின் அடர்த்தியும் கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.79 கிராம், இரண்டும் நீரில் எந்த விகிதத்திலும் கலக்கும். பார்வையால் பிரித்தறிய வழியே இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்தது அதுவே. மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பலர் அன்றாடக் கூலிகள். முதல் இறப்புகள் நேர்ந்தபோது, சாராயம் காரணமல்ல என்று அதிகாரத் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது. தடய அறிவியல் ஆய்வகம் மெத்தனாலை உறுதிசெய்த பிறகு அந்த மறுப்பு நிற்கவில்லை. மெத்தனால் நஞ்சேறியவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்பற்றது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைத் தாக்கும், பிறகு உயிரைக் குடிக்கும். 1935-இல் லண்டனில் ஒரு பெரியவரின் சொல், சோதனை இல்லாத இடத்தை நிரப்பியது. அதனால் ஓர் இளைஞரின் மனம் புண்பட்டது, ஒரு துறை தாமதப்பட்டது. கருணாபுரத்தில் சோதனைக்கு முன்னால் வந்த சொல்லின் விலை வேறு.

அந்தத் துயரத்துக்கு வறுமை, சட்டவிரோத வணிகம், கண்காணிப்பின் குறை எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றை அறிவியல் கல்வி தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், ஒரு சமூகம் சொல்லுக்கு முன் சோதனையைக் கேட்கும் பழக்கத்தைப் பெற்றிருந்தால், மறுப்பு அறிக்கைகள் அவ்வளவு எளிதில் வெளிவர மாட்டா. மாவட்ட மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே மெத்தனாலைக் கண்டறியும் வசதி இருக்க வேண்டும் என்று மக்களே கேட்பார்கள். அது ஆடம்பரக் கோரிக்கை அல்ல.

அந்தப் பழக்கம் பள்ளியில் தொடங்க வேண்டும். நம் கல்வி நிலையங்களில் செய்முறை வகுப்பு பெரும்பாலும் சடங்காகிவிட்டது. விடை முன்பே தெரியும். அந்த விடை வரும்படி அளவீடுகளை எழுதி, பதிவேட்டை அழகாக முடித்துக் கையொப்பம் பெறுவதுடன் சோதனை நிறைவடைகிறது. சந்திரசேகரின் வளைகோட்டின்மீது பதிந்த புள்ளிகள் அப்படிப் பதிந்தவை அல்ல. அவை கோட்டை விட்டு விலகியும் போயிருக்கக் கூடும். அந்த அபாயத்தை அவர் விரும்பி ஏற்றார். அதுவே சோதனையின் மானம்.

கருவிகள் இல்லை, நிதி இல்லை என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் ஃபுல்ட்ஸ் தொடங்கியது ஓர் அலுமினியத் தட்டில். கல்வராயன் மலைமேல் உள்ள ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியிலும் கண்ணாடிக் குவளை இருக்கும். நீர், உப்பு, கொஞ்சம் நிறம் இருக்கும். நிறமூட்டிய உப்பு நீரை நன்னீரின்மேல் மெல்ல ஊற்றினால் எத்தனை விரல்கள் இறங்கும், உப்பைக் கூட்டினால் விரைவாக இறங்குமா, நீரில் சர்க்கரைப் பாகைக் கலந்து இறுகச் செய்தால் விரல்கள் தடிக்குமா என்று பிள்ளைகளிடம் கேட்கலாம். முதலில் அவர்களின் ஊகத்தைக் கரும்பலகையில் எழுதட்டும். பிறகு ஊற்றட்டும். ஊகம் பொய்த்தால் அதையும் எழுதட்டும். ஆசிரியரின் ஊகம் பொய்த்தாலும் எழுதட்டும்.